டர்பனில் முதுகலை ஆய்வு, பிப்ரவரியில் பதிவு: எதை முதலில் முடிக்கணும்?

கல்லணை (தஞ்சாவூர்) கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்டு காலேஜ் வளாகத்தில் வரலாற்றில் மாஸ்டர்ஸ் இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பு கிடையாது, முழுக்க ஆய்வேடு, இரண்டு ஆண்டு. தலைப்பு: நேட்டாலுக்குப் போன தமிழ் ஒப்பந்தக் கூலிகள். பதிவு பிப்ரவரி முதல் வாரம். இன்று அக்டோபர் 6.

கையில் இருப்பது: இடம் கொடுத்த மின்னஞ்சல், பாஸ்போர்ட், பி.ஏ., எம்.ஏ. சான்றிதழ்கள், அப்பாவின் வங்கிக் கணக்கு விவரம். இன்னும் எதையும் தொடங்கவில்லை. டிராவல் ஏஜென்சியில் ஒரு வருட பயண இன்சூரன்ஸ் போதும் என்கிறார்கள், சரியா? அறையை இங்கிருந்தே பிடித்துவிடலாமா, இறங்கின பிறகு பார்க்கணுமா? ஏற்கெனவே எம்.ஏ. முடித்தவளை மறுபடி மாஸ்டர்ஸில் சேர்த்தது ஏன் என்றும் புரியவில்லை. பெட்டியில் எதை வைப்பது, எதை அங்கேயே வாங்குவது என்றும் யாராவது சொன்னால் நல்லது.

கோப்புக்கட்டு (ஜோகன்னஸ்பர்க்):

முதலில் ஒரு காலண்டரை எடுத்து, டிசம்பர் 16 முதல் ஜனவரி முதல் வாரம் வரை கறுப்பு மையால் அடித்துவிடுங்கள். 16 இங்கே பொது விடுமுறை. அதற்குப் பிறகு பல்கலைக்கழக அலுவலகம், மெடிக்கல் ஸ்கீம் (இங்குள்ள மருத்துவக் காப்பீடு), வீட்டுத் தரகர் என்று யாரும் சட்டென்று பதில் போட மாட்டார்கள். நாடே கடற்கரைக்குப் போய்விடும். ஒரு கடிதத்தில் உங்கள் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் அதைத் திருத்தி வாங்கப் பொங்கல் வந்துவிடும். ஆகவே உங்களுக்கு இருப்பது நான்கு மாதம் அல்ல. விசா மனு நவம்பர் முதல் வாரத்துக்குள் விசா மனுக்களை வாங்கும் சென்னை விஎஃப்எஸ் மையத்தில் உள்ளே போயிருக்க வேண்டும். அதாவது ஒரு மாதம்தான்.

தாமதமாகும் காகிதத்திலிருந்து தொடங்குங்கள். அது போலீஸ் சான்றிதழ், அதாவது பிசிசி. பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பம், கட்டணம் 500 ரூபாய். எந்த நாட்டுக்கு என்று கேட்கும் இடத்தில் தென்னாப்பிரிக்கா என்றே கொடுங்கள். சான்றிதழில் நாட்டின் பெயர் அச்சாகிறது, வேறு நாட்டுக்கு எடுத்தது இங்கே செல்லாது. இப்போது குடியிருக்கும் முகவரியும் பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியும் வேறாக இருந்தால் மறுபடி போலீஸ் விசாரணை வரும், வாரக்கணக்கில் இழுக்கும். 18 வயதுக்குப் பிறகு, கடந்த ஐந்தாண்டுக்குள் வேறு நாட்டில் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டின் சான்றிதழும் தனியாக வேண்டும். எல்லாமே கடைசி ஆறு மாதத்துக்குள் கொடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

அடுத்தது மருத்துவப் படிவம். பொது உடல்நிலைக்கு பிஐ-811. மார்பு எக்ஸ்ரேக்கு பிஐ-806 என்று இன்னொன்றும் முன்பு கேட்டார்கள். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஆஸ்பத்திரி தன் லெட்டர்ஹெட்டில் அழகாக ஒரு ரிப்போர்ட் அடித்துக் கொடுக்கும், அது எடுபடாது. அந்தப் படிவத்திலேயே மருத்துவர் எழுதி, கையெழுத்தும் பதிவு எண்ணும் முத்திரையும் போட வேண்டும். படிவத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் நீட்டுங்கள். இதற்கும் ஆறு மாதக் கணக்குதான்.

இடம் கொடுத்த மின்னஞ்சல் விசாவுக்குப் போதாது. சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் விசாவுக்கான கடிதம் என்றே கேளுங்கள். நீங்கள் பதிவு செய்ததைத் தெரிவிப்போம், படிப்பை விட்டாலோ முடித்தாலோ உள்துறைக்கு அறிவிப்போம் என்று பதிவாளர் தரப்பில் கொடுக்கும் உறுதிமொழி அதில் இருக்க வேண்டும். படிப்பின் பெயர், கால அளவு, வளாகம் மூன்றும் தெளிவாக இருக்கட்டும். "இரண்டு ஆண்டு" என்று எழுதாமல் விட்டால் விசா ஓராண்டுக்கே ஒட்டப்பட வாய்ப்பு உண்டு.

இன்சூரன்ஸ்: டிராவல் ஏஜென்சி சொன்னது தவறு. 1998ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின் கீழ் தென்னாப்பிரிக்காவில் பதிவான ஸ்கீமில் உறுப்பினராக வேண்டும். பயணக் காப்பீடு எவ்வளவு பெரிய தொகைக்கு இருந்தாலும் அந்த இடத்தில் உட்காராது. வெளிநாட்டு மாணவர்கள் பெரும்பாலும் எடுப்பது மாணவர்களுக்கென்று சில ஸ்கீம்கள் வைத்திருக்கும் விலை குறைந்த ஆப்ஷன். மாதாமாதம் கட்டுகிறேன் என்றால் ஒத்துக்கொள்வதில்லை. டிசம்பர் வரைக்கும் சேர்த்து மொத்தமாகக் கட்ட வேண்டும், பிறகு ஒவ்வொரு ஜனவரியிலும் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் பல்கலைக்கழகமும் பதிவு செய்யாது. இந்தியாவிலிருந்து பணம் போய்ச் சேர சில நாள் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். முன்பே இருக்கும் நோய்க்கு 12 மாதம் வரை காத்திருப்புக் காலம் போட ஸ்கீமுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. இந்த ஆப்ஷன்களில் பல்லுக்கும் கண்ணாடிக்கும் கிடைப்பது சொற்பம். பல் சொத்தையை அடைப்பது, புதுக் கண்ணாடி இரண்டு ஜோடி வாங்குவது எல்லாம் தஞ்சாவூரிலேயே முடியட்டும்.

பணச் சான்றுக்கு அப்பாவின் கடைசி மூன்று மாதக் கணக்கு விவரம், வங்கி முத்திரையோடு. கூடவே அவர் உங்கள் செலவை ஏற்பதாக நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம். மனு போடுவதற்கு முந்தின வாரம் திடீரென்று பெரிய தொகை விழுந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்ற காகிதத்தையும் சேர்த்து வையுங்கள். கல்விக் கடன் என்றால் வங்கியின் அனுமதிக் கடிதம் போதும்.

விண்ணப்பப் படிவம் டிஎச்ஏ-1738. எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள், பொருந்தாத இடத்தில் பொருந்தாது என்று எழுதுங்கள். விஎஃப்எஸ் கவுண்டரில் இருப்பவர் வாங்கி வைப்பவர்தான், முடிவு செய்பவர் அல்லர். "அவர் பார்த்து சரி என்றார்" என்பதற்கு மதிப்பில்லை.

விசா ஒட்டி வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள்: பெயர், பாஸ்போர்ட் எண், பல்கலைக்கழகத்தின் பெயர், முடியும் தேதி. தவறு இருந்தால் விமானம் ஏறும் முன் திருத்துவது சுலபம், இங்கே வந்தபின் பெரும்பாடு. இந்த விசாவில் வாரம் 20 மணி நேரத்துக்கு மிகாமல் பகுதிநேர வேலை பார்க்கலாம். நீட்டிக்க வேண்டுமென்றால் முடியும் தேதிக்கு 60 நாள் முன்பே மனு போட வேண்டும். காலம் கடந்து தங்கினால், 30 நாள் வரை என்றால் ஓராண்டும், அதற்கு மேல் என்றால் ஐந்தாண்டும் இந்த நாட்டுக்குள் வரத் தடை விழும்.

கல்லணை:

ரொம்ப நன்றி அண்ணா. மனுவில் தங்குமிடச் சான்று கேட்கிறார்களே, அறையே பார்க்காமல் எதைக் கொடுப்பது?

ரெசர்வாயர்மேடு (டர்பன்):

பல்கலைக்கழக விடுதியில் முதுகலை மாணவர்களுக்கான இடத்துக்கு இன்றே மனு போடுங்கள். அந்த மனுவின் பதில் கடிதம் கிடைத்தால் அதுவே சான்று. கிடைக்காவிட்டால் முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு கெஸ்ட்ஹவுஸ் முன்பதிவு. இங்கே தெரிந்தவர் இருந்தால் அவருடைய கடிதம், அடையாள அட்டை நகல், அவர் பெயரில் வந்த மாநகராட்சி பில் மூன்றையும் வைக்கலாம். நிரந்தர அறையை மட்டும் அங்கிருந்து பிடிக்காதீர்கள். கடல் தெரியும் ஜன்னல் படம், நம்ப முடியாத குறைந்த வாடகை, "இன்றே ஹோல்டிங் டெபாசிட் போடாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்": இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அந்த அறை பூமியில் இல்லை.

ஹோவர்டு காலேஜ் இருப்பது கிளென்வுட் மேட்டில். அதனால் கிளென்வுட், உம்பிலோ பக்கம் பார்ப்பது நல்லது. தமிழ், இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் ரெசர்வாயர் ஹில்ஸ் வெஸ்ட்வில் வளாகத்துக்குத்தான் பக்கம், உங்களுக்கு அல்ல. வரைபடத்தில் கிட்டத்தில் தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம். பெயரிலேயே ஹில்ஸ் இருக்கிறது, பை தூக்கிக்கொண்டு ஏறினால் தெரியும். வளாகங்களுக்கிடையே பல்கலைக்கழகத்தின் மாணவர் பேருந்து உண்டு, நேர அட்டவணையைப் பதிவின்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் கிடைப்பது வீட்டோடு ஒட்டிய தனி அறை, இங்கே கிரானி ஃபிளாட் அல்லது அவுட்பில்டிங் என்பார்கள். பார்க்கப் போகும்போது சுவர் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு.

தண்ணீர்: ஜோஜோ டேங்க் இருக்கிறதா? பச்சை நிறப் பிளாஸ்டிக் தொட்டி, நம்மூர் சின்டெக்ஸ் மாதிரி. டர்பனில் குழாய் நின்றுபோகும் நாட்கள் உண்டு, 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு சில பகுதிகளில் அது நீண்ட தலைவலியாகவே இருந்தது. தொட்டி இருந்தால் மட்டும் போதாது, அது உங்கள் அறைக் குழாயோடு இணைக்கப்பட்டதா, பம்ப் கரண்டில் ஓடுகிறதா என்றும் கேளுங்கள். கரண்ட் போனால் பம்பும் போகும்.

மின்சாரம்: பெரும்பாலும் பிரீபெய்டு. கடையிலோ வங்கி ஆப்பிலோ காசு கொடுத்தால் 20 இலக்க எண் வரும், அதை மீட்டரின் பட்டனில் அடித்தால் யூனிட் ஏறும். மீட்டர் மாநகராட்சியுடையதா, வீட்டுக்காரர் தனியாரிடம் வாங்கி மாட்டிய சப்-மீட்டரா என்று கேளுங்கள். தனியார் மீட்டரில் சேவைக் கட்டணம் கழியும், யூனிட் குறையும். அடுத்தது கீசர். நம்மூரில் குளியலறையில் தொங்கும் சின்ன ஹீட்டரைக் கீசர் என்போம். இங்கே கீசர் என்றால் கூரைக்குள் படுத்திருக்கும் 150 லிட்டர் தொட்டி, நாள் முழுக்கச் சூடேறிக்கொண்டே இருக்கும், யூனிட்டில் பெரும் பங்கை அதுவே தின்னும். டிபி போர்டில் (வீட்டின் மின் சுவிட்ச் பெட்டி) அதன் சுவிட்ச் எது என்று முதல் நாளே காட்டச் சொல்லி, குளிக்கும் முன் போட்டுப் பிறகு அணைத்துவிடுங்கள். லோட்ஷெட்டிங் (முறை வைத்து வரும் மின்வெட்டு) முன்னளவுக்கு இல்லை என்றாலும் ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கி வைப்பது வீண் செலவல்ல. ஆய்வு வழிகாட்டியோடு ஸூம் பேசும்போதுதான் கரண்ட் போகும்.

டெபாசிட்: 1999ஆம் ஆண்டின் ரென்டல் ஹவுசிங் சட்டப்படி வீட்டுக்காரர் அதை வட்டி வரும் கணக்கில் வைக்க வேண்டும். குடிபுகும்போதும் காலி செய்யும்போதும் இருவரும் சேர்ந்து பார்வையிட்டுக் குறைகளை எழுத வேண்டும். சேதம் எதுவும் இல்லையென்றால் 7 நாளில் வட்டியோடு திருப்ப வேண்டும், பழுதுபார்த்துக் கழிப்பதென்றால் பழுது சரிசெய்த 14 நாளில். கடைசிப் பார்வைக்கு நீங்கள் வராமல் போனால் அவருக்கு 21 நாள் அவகாசம். முதல் நாள் ஒவ்வொரு சுவரையும், சிங்க்கின் அடியையும், அலமாரியின் உட்பக்கத்தையும் படமெடுத்து அன்றே அவருக்கு அனுப்பிவிடுங்கள். அலமாரியில் பழைய பூஞ்சை வாசனை இருந்தால் அதையும் எழுதுங்கள். ஜனவரி, பிப்ரவரி ஈரத்தில் டர்பன் அலமாரியில் தோல் செருப்பும் புத்தக அட்டையும் பச்சை பிடிக்கும், பிறகு அதை உங்கள் கணக்கில் எழுதுவார்கள்.

வங்கிக் கணக்குக்கு ஃபிக்கா என்ற வங்கி விதிப்படி முகவரிச் சான்று கேட்பார்கள், சிம் கார்டுக்கும் ரிக்கா என்ற தொலைபேசி விதிப்படி பாஸ்போர்ட்டும் முகவரியும் வேண்டும். கிரானி ஃபிளாட்டில் உங்கள் பெயரில் எந்த பில்லும் வராது. வீட்டுக்காரரின் பிரமாணப் பத்திரம், அவருடைய அடையாள அட்டை நகல், மூன்று மாதத்துக்குள் வந்த மாநகராட்சி பில்: இந்த மூன்றையும் சாவி வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் "ஜஸ்ட் நவ்" என்பார். இந்த ஊர் ஆங்கிலத்தில் அதற்கு இப்போது என்று பொருள் இல்லை, எப்போதாவது என்று பொருள். நகல்களுக்குச் சான்றொப்பம் வேண்டுமென்றால் எந்தப் போலீஸ் நிலையத்திலும் காசு வாங்காமல் போட்டுக் கொடுப்பார்கள், அசலைக் கொண்டுபோக வேண்டும்.

வழி கேட்டால் "இரண்டாவது ரோபோட்டில் இடது பக்கம்" என்பார்கள். சிக்னல் விளக்கைத்தான் சொல்கிறார்கள்.

பழஞ்சுவடி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

மாஸ்டர்ஸ் கேள்விக்கு வருகிறேன். இங்கே படிப்புகளுக்கு என்கியூஎஃப் என்ற தேசியத் தகுதி நிலை உண்டு. மூன்றாண்டுப் பட்டம் 7, ஆனர்ஸ் 8, மாஸ்டர்ஸ் 9, முனைவர் 10. ஆனர்ஸ் என்பது பட்டத்துக்கு மேல் தனியாக ஓராண்டு, நம்மூரில் அப்படி ஒரு படி இல்லை. இங்குள்ள மாஸ்டர்ஸ் 180 கிரெடிட், பாடவகுப்பு இருந்தாலும் அதில் குறைந்தது 60 கிரெடிட் ஆய்வாக இருக்க வேண்டும். உங்கள் எம்.ஏ.வில் ஆய்வேடு இல்லாமல் தாள்கள் மட்டுமே என்றால், அதை 9 ஆக ஏற்பதில் தயக்கம் வருவது இயல்பு. வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடுவது சாக்வா என்ற அரசு அமைப்பு. அதன் மதிப்பீட்டுச் சான்றிதழில் எந்த நிலை எழுதியிருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். மதிப்பீட்டுக்கு மதிப்பெண் பட்டியல் எல்லா செமஸ்டருக்கும் வேண்டும். தொகுப்புப் பட்டியல் ஒன்றை மட்டும் அனுப்பி மாதக்கணக்கில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

இதைக் குறைவாக எண்ண வேண்டாம். முழு ஆய்வேட்டு மாஸ்டர்ஸில் உங்களை எழுப்பி உட்கார வைக்க வகுப்பு மணி கிடையாது. முதல் ஆறு மாதத்தில் ஆய்வுத் திட்டம், நெறிமுறை அனுமதி இரண்டும் முடியாவிட்டால் இரண்டாண்டு மூன்றாண்டாகும், மூன்றாம் ஆண்டுக் கட்டணமும் விசா நீட்டிப்பும் பின்னாலேயே வரும்.

நெறிமுறை அனுமதி உங்கள் தலைப்பில் இடறும் இடம். ஆவணங்களை மட்டும் படிப்பதென்றால் எளிது. கூலிகளின் வழித்தோன்றல்களைப் பேட்டி எடுப்பதாக இருந்தால் கலை, சமூக அறிவியல் நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்த பிறகே முதல் பேட்டி. முன்தேதியிட்டு அனுமதி கொடுக்க மாட்டார்கள், முன்பே எடுத்த பேட்டியை ஆய்வேட்டில் பயன்படுத்த முடியாது. ஒரு கோயிலின் பழைய கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் அந்த நிர்வாகக் குழுவிடமிருந்து கேட்கீப்பர் கடிதம் (பார்க்க அனுமதி தரும் கடிதம்) வாங்க வேண்டும், லெட்டர்ஹெட்டில், தேதியோடு. மவுண்ட் எட்ஜ்கோம்பு மாரியம்மன் கோயில் பக்கம் கடிதம் கேட்டுப் போவதாக இருந்தால் ஈஸ்டர் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். புனித வெள்ளியன்று அங்கே பெருந்திருவிழா, யாருக்கும் கடிதத்தைப் பார்க்க நேரம் இருக்காது. பேட்டியைத் தமிழில் எடுக்கலாம் என்று திட்டத்தில் எழுதிவிடாதீர்கள். இங்கே பிறந்து வளர்ந்த தமிழர் வீடுகளில் இன்று பேச்சு மொழி ஆங்கிலம். தேவாரம் மனப்பாடமாக இருக்கும், உரையாடல் இருக்காது. ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் தயாராகட்டும்.

தஞ்சாவூரில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, இங்கே வந்தால் அதைச் செய்ய முடியாது. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மதராஸ் அரசின் குடிபெயர்வு தொடர்பான நடவடிக்கைக் குறிப்புகள் இருக்கின்றன. உங்கள் எம்.ஏ. துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, விசா மனு போட்டுவிட்டுக் காத்திருக்கும் நவம்பர், டிசம்பரில் போய் உட்காருங்கள். இந்தப் பக்கத்து ஆவணம் மட்டும் பார்த்து எழுதினால் கப்பல் ஏறிய பிறகு நடந்த கதைதான் கிடைக்கும்.

இங்கே உங்களுக்கு வேண்டியவை மூன்று நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம், டர்பனில் கில்லி கேம்பல் தொகுப்பு, இங்கே பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் பழைய இந்தியக் குடியேற்றத் துறையின் கோப்புகள். டர்பனிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர், ஒரு நாளில் போய் வரலாம். ஆனால் கோப்பு கேட்டு அது மேசைக்கு வந்து சேரும் நேரத்தைக் கழித்தால் படிக்க மிஞ்சுவது கொஞ்சமே. இரண்டு மூன்று நாள் தங்குகிற மாதிரி வாருங்கள்.

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து 1911 வரை வந்த 1,52,184 பேரின் பட்டியலிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. பெயரை வைத்துத் தேடாதீர்கள், எண்ணை வைத்துத் தேடுங்கள். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே முனுசாமி நாலு விதமாக இருப்பார். மாவட்டம், தாலுகா, கிராமப் பெயர்களுக்கும் அதே கதி. கிளம்பும் முன் பழைய வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஜில்லாக்களின் தாலுகாப் பெயர்களையும் அந்தக் கால ஆங்கில எழுத்துக்கூட்டலையும் ஒரு எக்செல் தாளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே உள்ள ஆய்வாளர்களுக்கு ஊர்ப் பெயர் கண்ணில் பட்டதும் பிடிபடாது, உங்களுக்குப் பிடிபடும். உங்களுடைய அனுகூலமே அதுதான்.

பீனிக்ஸ் அக்கா (டர்பன்):

பெட்டி விஷயம் யாரும் தொடலையே. நான் சொல்றேன்மா.

பிளக்ல ஆரம்பிப்போம். இங்க சுவர்ல இருக்கிறது மூணு பெரிய உருண்டைக் கால் சாக்கெட். நம்மூர்ல ஏசிக்கும் கீசருக்கும் போடுற 16 ஆம்பியர் பவர் பிளக் இருக்கு பாருங்க, அது அப்படியே இதுல உட்காரும். சின்ன 6 ஆம்பியர் பிளக் உட்காராது. ஏர்போர்ட்ல விக்கிற யுனிவர்சல் அடாப்டரை நம்பாதீங்க, பல அடாப்டர்ல இந்தப் பெரிய கால் இருக்காது. தஞ்சாவூர்ல எந்த எலக்ட்ரிகல் கடையிலயும் 16-லேர்ந்து 6-க்கு மாத்துற கன்வர்ட்டர் பிளக் கிடைக்கும். பின்னாடி பெரிய காலு, முன்னாடி சின்ன ஓட்டை. அதுல ரெண்டு, கூட ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் போர்டு, போதும். வோல்டேஜ் ரெண்டு ஊர்லயும் 230, அதனால சின்ன மிக்ஸி கொண்டு வரலாம். ஆனா கன்வர்ட்டர் வழியா இன்டக்‌ஷன் அடுப்போ அயர்ன் பாக்ஸோ போடாதீங்க, சின்னக் கால் அந்தச் சூட்டைத் தாங்காம உருகும். புதுக் கட்டடங்கள்ல சின்னதா அறுகோணமா வேற ஒரு சாக்கெட்டும் வருது. அதுக்கான மாத்து பிளக் இங்க சூப்பர்மார்க்கெட்லயே கிடைக்கும்.

குக்கர் கொண்டு வந்தா அடி தட்டையா இருக்கணும். இங்க நிறைய அறையில இருக்கிறது கேஸ் இல்ல, கரண்ட் தட்டு அடுப்பு. குழிஞ்ச அடி குக்கர்ல பருப்பு வேகுறதுக்குள்ள பிரீபெய்டு யூனிட் தீர்ந்துடும். கேஸ்கெட் ரெண்டு உபரியா வைங்க.

சாமான் எதுவும் மூட்டை கட்டாதீங்க. இது டர்பன்மா. கறிவேப்பிலை, புளி, கடுகு, முருங்கைக்காய் எல்லாம் இங்க உண்டு. மசாலாவுக்கு விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட். இங்க கறி மசாலா கண்ணுல நீர் வர்ற காரம், முதல் தடவை பாதி போட்டுப் பாருங்க. உளுந்தை உரித் டால்னு எழுதியிருப்பாங்க. இட்லி அரிசி தேடி அலைய வேண்டாம், கடையில பார்பாயில்டுன்னு போட்ட நீட்டு அரிசி புழுங்கலரிசிதான். நாலுக்கு ஒண்ணு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். நம்மூர் இட்லி மாதிரி பஞ்சா வராது, ஆனா இட்லின்னு சொல்லலாம். பிப்ரவரி புழுக்கத்துல மாவு ராத்திரியிலயே பொங்கிடும், ஜூலையில மறுநாள் மத்தியானம் வரைக்கும் விடணும்.

தேன், நெய், விதை, செடி, பச்சைப் பழம், கறி வகை எதுவும் பெட்டியில வேண்டாம். இதுக்கெல்லாம் இறக்குமதி அனுமதி கேப்பாங்க, இல்லேன்னா குப்பையில போடுவாங்க. மருந்துக்கு டாக்டர் சீட்டு கூடவே இருக்கணும், மருந்தோட பொதுப்பெயர் ஆங்கிலத்துல தெளிவா எழுதினது.

ஒரு நல்ல கம்பளி மேல்சட்டை வைங்க. டர்பன்ல பெரிசா தேவைப்படாது, ஜூலையில பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்துல உட்காரும்போது தேவைப்படும்.

காசு: ராண்ட் நோட்டு 25,000 வரைக்கும்தான் கொண்டு வரலாம். இந்தியாவுலேர்ந்து டாலர் நோட்டு 3,000 வரைக்கும் எடுக்கலாம். அவ்வளவு நோட்டு எதுக்கு? ஃபாரெக்ஸ் கார்டு வாங்குங்க, ஆனா ராண்டாவே ஏத்துற கார்டான்னு கேட்டு வாங்குங்க. டாலர் கார்டுன்னா ரூபாய் டாலராகி, டாலர் ராண்டாகி, ரெண்டு இடத்துல கழியும். இங்க வங்கிக் கணக்கு திறக்க ரெண்டு மூணு வாரம் ஆகும்னு வச்சு அதுக்குத் தக்கன ஏத்துங்க. ஏடிஎம்ல யாராவது உதவி பண்ண வந்தா கார்டை எடுத்துக்கிட்டு நகர்ந்துடுங்க, பட்டன் அழுத்தச் சொல்லிக் கொடுக்கிற சாக்குல கார்டை மாத்திடுவாங்க. இருட்டினப்புறம் நடக்க வேணாம், ஊபர் இல்லேன்னா போல்ட் போட்டுக்கோங்க.

டிக்கெட்டைப் பொறுத்தவரைக்கும் அடிஸ் அபாபா வழிதான் பல சமயம் விலை குறைவு, பார்த்துக்கோங்க.

கோப்புக்கட்டு:

அக்கா சொன்ன கடைசி வரியோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் நாடுகள். அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலோ, விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தாலோ தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் தென்னாப்பிரிக்காவுக்குள் விடமாட்டார்கள். இணைப்பு விமானம் தவறினால் 12 மணி என்பது ஒரு கணக்கே இல்லை. அந்த வழி என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகரித்த மையத்தில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். துபாய் வழியாக நேரே டர்பனுக்கே விமானம் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கில் பெட்டியை எடுத்து மறுபடி போடும் வேலையும் மிச்சம்.

கட்டணம் அனுப்புவதைப் பற்றியும் ஒரு வரி. வங்கியில் ஏ2 படிவம் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் படிவம்), பான் எண், பல்கலைக்கழகக் கட்டண ரசீது மூன்றும் கேட்பார்கள். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடித்தம் இல்லை, வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் தொகைக்கும் இல்லை. பணம் அனுப்பும்போது குறிப்புக் கட்டத்தில் மாணவர் எண்ணை எழுத மறந்தால், பணம் பல்கலைக்கழகத்தில் இருக்கும், உங்கள் கணக்கில் இருக்காது. பதிவு நாளில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பீனிக்ஸ் அக்கா:

சரிதான், ஊசி விஷயம் விட்டுட்டேன். துபாய் வழியே வாம்மா.

கல்லணை:

எல்லாருக்கும் நன்றி. பிசிசிக்கு இன்றே பதிவு போடப் போகிறேன், டாக்டரிடம் திங்கட்கிழமை நேரம் வாங்கிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். என் பாஸ்போர்ட் அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வரைக்கும் செல்லும். அங்கே போய்ப் புதுப்பித்துக்கொள்ளலாம் இல்லையா?

கோப்புக்கட்டு:

பிசிசி பதிவை நிறுத்துங்கள். இதுதான் முதல் கேள்வியாக வந்திருக்க வேண்டும்.

நீங்கள் தங்கப்போகும் காலம் முடிந்த பிறகும் குறைந்தது 30 நாளுக்குப் பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகஸ்டில் முடியும் பாஸ்போர்ட்டில் இரண்டாண்டு விசா வராது. அதிகம் போனால் ஜூலை வரை ஒட்டித் தருவார்கள். வந்த சில மாதத்திலேயே நீட்டிப்பு மனு, மறுபடி மருத்துவப் படிவம், மறுபடி எல்லாக் காகிதமும்.

பிசிசியில் பாஸ்போர்ட் எண் அச்சாகும். விசா படிவத்தில், விசாவுக்கான கடிதத்தில், மெடிக்கல் ஸ்கீம் சான்றிதழில், மருத்துவப் படிவத்தில் எல்லாம் அதே எண்தான். பழைய எண்ணில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பாஸ்போர்ட்டை மாற்றினால் எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டும்.

அதனால் வரிசை இப்படி மாறுகிறது. நாளைக் காலை தட்கலில் புதுப்பிக்க மனு, 36 பக்கத்துக்கு மொத்தம் 3,500 ரூபாய். முகவரி மாறியிருந்தால் இதிலேயே மாற்றிவிடுங்கள், பிசிசி விசாரணையும் சுலபமாகும். புது எண் கைக்கு வந்த அன்றே பிசிசி பதிவு, அன்றே சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் புதுப் பாஸ்போர்ட்டின் நகலோடு மின்னஞ்சல், கடிதத்தைப் புது எண்ணில் தரச் சொல்லி. டாக்டர் நேரத்தை இரண்டு வாரம் தள்ளுங்கள். மெடிக்கல் ஸ்கீமுக்குப் பணம் கட்டுவதையும் அதுவரை நிறுத்துங்கள். பழைய பாஸ்போர்ட்டை ரத்து செய்து மூலை வெட்டித் திருப்பித் தருவார்கள், தூக்கிப் போடாமல் விஎஃப்எஸ்ஸுக்கு இரண்டையும் எடுத்துப் போங்கள்.

நவம்பர் முதல் வாரம் என்றது இப்போது நவம்பர் மூன்றாம் வாரமாகும். இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் நாளைக் காலை என்றால் நாளைக் காலைதான்.